வீட்டுக் கொடியில் ஒரு பச்சை அங்கி

அப்பா இறந்தது செவ்வாய்க்கிழமை. சின்னவள் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்பது அவளுக்கு ராசி என்று அக்கா சொல்வாள். இந்தத் தடவை பழி அவள்மேல் இல்லை. தகவல் சொன்னதே அடக்கம் முடிந்த மறுநாள்தான். "நீ அடிச்சுப் பிடிச்சு ஓடி வரணும்னு இல்லை. அவர் போயாச்சு, இனி எங்கேயும் போகமாட்டார். நிதானமா வா" என்றாள் அக்கா போனில். பெரியவளுக்குப் பேச்சு அப்படித்தான். சலவைக் கடையில் பிறந்து வளர்ந்து ஐம்பதைத் தொடப்போகிறவள், எதையும் பிழிந்து ஈரம் வடிந்த பிறகே அடுத்தவர் கையில் கொடுப்பாள்.

சின்னவள் இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இந்த நகரத்தை விட்டுப் போனவள். போன இடத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தவளுக்குப் பிறந்த வீடு மட்டும் சரியாகத் தெரியாமலே போயிற்று. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவாள், இரண்டு நாள் இருப்பாள். அப்பாவும் அக்காவும் அவளை விருந்தாளிபோல உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்புவார்கள். ஒரு துணியை மடிக்கக்கூட விடமாட்டார்கள். கடைக்குட்டி என்கிற செல்லம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்தாள். பூட்டு ரிப்பேர்க் கடை, மருந்துக் கடை, பழைய டயர் விற்கிறவன், அப்புறம் சுவரில் பதித்த குழாய் வழியாகத் தெருவுக்கு ஆவி விடும் அவர்கள் கடை. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. ஷட்டர் பாதி திறந்திருக்க, உள்ளே பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் ஸ்டீம் பெட்டியைத் துணிமேல் அழுத்தியபடியே தலையை ஆட்டி "வாம்மா" என்றார். அப்பா போய் நாலு நாள்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் கடை திறந்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சுருக்கென்றது.

அக்கா அவள் முகத்தைப் படித்துவிட்டாள். "ரெண்டு ஹோட்டல் விரிப்பு கிடக்கு, மேட்டு மூட்டை கிடக்கு. யார் துவைப்பா, அவரா எழுந்து வருவார்?" என்றாள். அப்புறம் தங்கையின் பையை வாங்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டதைச் சின்னவள் பார்க்காதவள்போல் இருந்துவிட்டாள்.

மேடு என்றால் அந்த நகரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மேற்குக் கோடியில், பஸ் சுற்றித் திரும்புகிற இடத்தில், உயர்ந்த சுவர் போட்ட மனநோயாளிகள் இல்லம் ஒன்று உண்டு. அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு மூட்டை வரும். எல்லாம் ஒரே வெளிர்பச்சை அங்கிகள், கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட நாடா வைத்துத் தைத்தவை. பிள்ளைகள் சண்டை போட்டால் "உன்னை மேட்டுலதான் கொண்டு விடணும்" என்று திட்டிக்கொள்வார்கள். சின்னவளும் அப்படித் திட்டியிருக்கிறாள், பெரும்பாலும் அக்காவைத்தான்.

அப்பா அதிர்ந்து பேசாத மனிதர். சலவைக்காரனுக்கு வாய் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. யார் வீட்டுத் தலையணையில் ரத்தம், யார் சட்டையில் யாருடைய வாசனை, எந்த வீட்டுக் குழந்தை பத்து வயதிலும் படுக்கையை நனைக்கிறது, எல்லாம் பிரிக்கிற மேசைக்கு வந்துவிடும். "பார்த்ததை வெளியே சொன்னா நாளைக்கு எவன் துணி போடுவான்?" என்பார். சொன்னதும் இல்லை. ஊரில் அவருக்கு நல்ல பெயர் அதனால்தான். வாயைத் திறக்காதவனை உத்தமன் என்று நம்புவதில் ஊருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கடைத் துணி வேறு, வீட்டுத் துணி வேறு. கடைத் துணி மெஷினில் சுழன்று மெஷினிலேயே காயும். வீட்டுத் துணி மேலே குளியலறையில் கையால் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயும். இரண்டும் ஒருநாளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அடுத்தவர் நோய் வீட்டுக்குள் வரும், வீட்டு நூல் அடுத்தவர் துணியில் ஒட்டும், பெயர் கெடும். ஒருமுறை ஒரு ஹோட்டல் துண்டு தெரியாமல் வீட்டு வாளியில் விழுந்துவிட்டதற்கு அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அம்மாவைப் பற்றிச் சின்னவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஏழு வயதில் அம்மா போனாள். காய்ச்சல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற வேறொரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே முடிந்து அங்கேயே எல்லாம் செய்துவிட்டு அப்பா மட்டும் திரும்பி வந்தார். சுவரில் ஒரு படம் மாட்டினார். அவ்வளவுதான். அம்மா தலை பின்னிவிடுவது, பின்னலின் நுனியை வெளியே தெரியாமல் உள்ளே செருகுவது, பழைய உலர்த்தும் அறையில் ஒளிந்து பிடித்து விளையாடியது, இப்படி நாலைந்து துண்டுகள் நினைவில் இருந்தன. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்து ஓர் அம்மாவைத் தேற்றி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா கீழே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று நாளில் சின்னவளை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், மழைக்கு முன்னால் துணியையாவது எடுப்போம் என்று தானாகவே மாடி ஏறினாள்.

கொடியில் அக்காவின் புடவை இரண்டு, பாவாடை, அப்பாவின் கடைசி வேட்டி. அதற்கும் அடுத்து, கிளிப் போட்டு நேராகத் தொங்கியது ஒரு வெளிர்பச்சை அங்கி.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. 'அப்பா, கண்ணை மூடினதும் உன் சட்டத்தைக் காற்றில் விட்டாச்சு' என்று நினைத்தாள். கையை நீட்டி அங்கியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா தவறு செய்கிறவள் இல்லை. தூக்கத்தில் எழுப்பி ஒரு கைக்குட்டையைக் கொடுத்தாலும் இது கடை, இது வீடு என்று சொல்லிவிட்டுத் திரும்பித் தூங்குவாள். கழுத்துப் பட்டிக்குள் சிவப்பு நூலில் ஒரு சின்ன அடையாளத் தையல் இருந்தது. கிழிந்த கை ஓரம் அக்காவின் தையலால் சீராக மூடியிருந்தது. மேட்டுத் துணி எதையும் கடையில் தைத்துக் கொடுப்பதில்லை. இது தப்பி வந்த துணி இல்லை. வீட்டுத் துணியென்று நினைத்துத் துவைத்த துணி.

இஸ்திரிக்காரர் காதில் விழ வேண்டாமென்று, படியில் இறங்கி நின்று "அக்கா, கொஞ்சம் மேல வா" என்றாள்.

அக்கா வந்தாள். தங்கையின் கையில் அங்கியைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள்.

"மழை வருது போல" என்றாள்.

"இது எப்படி இங்க வந்தது?"

"மாறி வந்திருக்கும். கொடு, கீழ போட்டுடறேன்."

"மாறி வந்துச்சா? நம்ம கொடிக்கா? யார்கிட்ட கதை விடறே?"

அக்கா கையை நீட்டியபடியே நின்றாள். சின்னவள் கொடுக்கவில்லை. கீழே மெஷின் சுற்றி முடித்து அடங்குகிற சத்தம் கேட்டது.

"யாரோடது அக்கா?"

"அம்மாவோடது."

"எந்த அம்மா?" கேட்டவளுக்கே அது அசட்டுக் கேள்வியாகப் பட்டது.

"நமக்கு எத்தனை அம்மா?" என்றாள் பெரியவள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறைக்கிறவர்கள் தினமும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டாக வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பெரியவள் அன்று பேசியது முப்பது வருஷத்துச் சோறு.

"உனக்கு சூடு ரூம்ல விளையாடினது ஞாபகம் இருக்கா?"

பழைய உலர்த்தும் அறையைத்தான் சூடு ரூம் என்பார்கள். சுவரெல்லாம் நீராவிக் குழாய் ஓடும், ஜன்னல் கிடையாது. விரிப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள்.

"அம்மா என்னை ஒளிச்சு வைப்பா. அப்புறம் வந்து கண்டுபிடிப்பா."

"விளையாட்டு இல்லை அது. உன்னைத் தூக்கிட்டுப் போக யாரோ வர்றாங்கன்னு அவளுக்குத் தோணும். குரல் கேட்கும். அதான் ஒளிச்சு வைப்பா. கடைசியா ஒரு நாள் உள்ள வச்சு வெளியில பூட்டிட்டு, சாவியையும் சாக்கடையில போட்டுட்டா. வர்றவங்க கையில கிடைக்கக் கூடாதாம். அப்பா கதவை உடைச்சு உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப உனக்கு மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியலை. அதே வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டார்."

"மேட்டுலயா?"

"மேட்டுலதான். அங்கேருந்து ஒரு தடவை தப்பிச்சு நம்ம தெருமுனை வரைக்கும் வந்துட்டாளாம், உன்னைத் தேடி. அப்பாவே கூட்டிட்டுப் போய்த் திரும்ப விட்டுட்டு வந்தார். அதுக்கப்புறம் அவ வரலை."

பெரியவளுக்கு இது தெரியவந்தது பதினெட்டு வயதில். அதுவரை மேட்டு மூட்டையை அப்பாதான் பிரிப்பார், யாரையும் தொடவிடமாட்டார். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் மகள் பிரித்தாள். ஓர் அங்கியின் நாடாக்கள் மூன்று பிரியாகப் பின்னியிருந்தன. பின்னலின் நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருந்தது. பன்னிரண்டு வயது வரை தினமும் தன் தலையில் இருந்த பின்னலைப் பெரியவள் எப்படி மறப்பாள்? அங்கியை எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலுக்கே போய் நின்றாள். அப்பா மறுக்கவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு இரண்டே விஷயம் சொன்னார். சின்னவளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இது வெளியே போகக் கூடாது. பைத்தியம் ஓடுகிற குடும்பத்தில் எவனும் பெண் எடுக்கமாட்டான். இரண்டாவது, "அவ துணி இனிமே ஊர்த் துணியோட போக வேணாம். வீட்டுத் துணியோட போடு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அப்பா சிக்கனக்காரர், ஒரே பொய்யில் முடித்துவிட்டார். அந்தக் கல்யாணத்தின் மணப்பெண் இப்போது மொட்டைமாடியில் ஈர அங்கியோடு நின்றாள். தான் வாழ்ந்த வாழ்க்கை, புருஷன், பிள்ளை, கண்ணாடிக் கடை எல்லாமே யாரையோ மிதித்து ஏறி நின்ற இடம் என்று அவளுக்குப் பட்டது.

"நான் பார்க்காம எப்படிக் காயப்போட்டே?"

"நீ ஸ்கூல் போனதும் போடுவேன், வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். நீ ஊர்லேருந்து வர்ற நாள்ல துவைக்கமாட்டேன். இந்தத் தடவை..." அக்கா தன் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள். "நீ இருக்கிறதையே மறந்துட்டேன்டி. கை பாட்டுக்குத் துவைச்சுப் போட்டுடுச்சு."

"போய்ப் பார்த்தியா அவளை?"

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை?"

"இல்லை."

"அரை மணி நேர பஸ்சு அக்கா!"

"தெரியும்."

"எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமாவது போயிருக்கலாமே? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? நான் உன்னை மேட்டுல விடணும்னு திட்டுவேனே, அப்பகூட நீ..."

"போனா கேட்பா இல்ல?" பெரியவளின் குரல் முதல்முறையாக உடைந்தது. "இத்தனை நாள் ஏன் வரலைன்னு கேட்பா. அதுக்கு ஒரு பதில் யோசிச்சுட்டுப் போகலாம்னு இருந்தேன். அடுத்த மாசம், அடுத்த வருஷம்னு தள்ளித் தள்ளி, பதில் இன்னும் கஷ்டமாயிடுச்சு. அஞ்சு வருஷத்துக்குச் சொல்லக்கூடிய பதிலை முப்பது வருஷத்துக்குச் சொல்ல முடியுமா? அப்பா போவார், மாசம் ஒரு தடவை. நல்லாயிருக்கான்னு சொல்வார். ரெண்டு வருஷமா அவரும் படுத்துட்டார். துணி வந்துட்டே இருக்கு. துணி வந்தா இருக்கான்னு அர்த்தம்."

சின்னவளுக்கு அக்காவை அறைய வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மழை விழ ஆரம்பித்ததும் இருவருமாகக் கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு கீழே ஓடினார்கள்.

"நாளைக்கே போறோம். கூட்டிட்டு வந்துடறோம்" என்றாள் சின்னவள், படியிலேயே.

"கூட்டிட்டு வந்து?"

"வந்து என்ன, வச்சுப் பார்த்துக்கறோம். அப்பா ரூம் காலியாத்தானே இருக்கு? நீ ஒருத்தி எத்தனை நாள் தனியா இருப்பே? நான் மாசா மாசம் வரேன். அவளோட கடைசி நாளாவது இந்த வீட்டுல இருக்கட்டும்."

அக்கா துணிகளை அணைத்தபடி இறங்கிவிட்டாள். ஆனால் சாயங்காலம் சின்னவள் புருஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அக்கா அப்பாவின் அறைக்குள் புகுந்துவிட்டாள். மருந்துப் புட்டிகளை அகற்றினாள். மெத்தையைத் தட்டினாள். புது விரிப்பு போட்டு நாலு மூலையையும் இழுத்துச் செருகினாள். அலமாரியிலிருந்து தன் புடவைகளில் மெல்லிசாக இரண்டு எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். "வயசானவளுக்குக் கனமான புடவை ஆகாது" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று அக்காவும் தங்கையும் கொஞ்ச நேரம் விழித்தார்கள். உயிரோடு இருக்கிறவள் வந்து தன் படத்தைப் பார்த்தால் நன்றாயிருக்காது என்று கழற்றினார்கள். அதைச் சொல்லி இருவருக்கும் ஒரு சிரிப்புகூட வந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.

"என்ன முணுமுணுக்கறே?"

"பதில்" என்றாள் பெரியவள். கொஞ்ச தூரம் போனதும், "ஒண்ணும் சொல்லாம காலைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீதி வழி முழுவதும் விடவில்லை.

உயர்ந்த சுவரும் பெரிய கதவும் இருந்ததால் உள்ளே ஏதோ பயங்கரம் இருக்குமென்று சின்னவள் நினைத்திருந்தாள். உள்ளே நீளமான தாழ்வாரம், கழுவி ஈரம் காயாத தரை, பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்த சில பெண்கள். வார்டு நர்ஸ் ஐம்பது வயதுக்காரி, நல்ல முகம். பெரியவள் வாயைத் திறந்து "லாண்டரியிலேருந்து..." என்றதுமே அவள் சிரித்துவிட்டாள்.

"அட, போன்ல பேசறது நீங்கதானா? குரலை வச்சே சொல்லிட்டேன் பாருங்க. தலையணை உறை குறையுதுன்னு வாராவாரம் உங்ககிட்ட சண்டை போடறது நான்தான். பெரியவர் எப்படி இருக்கார்?"

"தவறிட்டார். செவ்வாய்க்கிழமை."

"ஐயோ! பாவம், தங்கமான மனுஷன். அந்தம்மாவுக்கு இனி யாருமே இல்லையே."

"நாங்க இருக்கோம். நாங்க அவரோட பொண்ணுங்க" என்றாள் சின்னவள்.

நர்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் குழம்பியது. "யாரோட பொண்ணுங்க?"

"அவங்களோடதுதான். அவருக்கும் அவங்களுக்கும் பிறந்தவங்க. நாங்க ரெண்டே பேர்தான்."

"அந்தம்மாவோட பொண்ணுங்க ரெண்டும் சின்ன வயசுலயே போயிடுச்சுங்களே" என்றாள் நர்ஸ்.

சின்னவளுக்குத் தாழ்வாரம் கொஞ்சம் சாய்ந்தது. "யார் சொன்னா?"

"அவர்தான். பெரியவர்தான் சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அப்படித்தான். ஒரு தடவை இங்கேருந்து ஓடிட்டாங்களாம், அதுக்கப்புறம்தான் அவர் சொல்லியிருக்கார், பிள்ளைங்க ரெண்டும் ஒரே காய்ச்சல்ல போயிடுச்சு, இனி தேடாதேன்னு. இந்தம்மா நம்பலை. என் பிள்ளைங்க உயிரோட இருக்கு, கடைக்கு மேல இருக்குன்னு கத்துவாங்க. அதுதான் அவங்களுக்கு வியாதியே. அதுக்குத்தான் தனி ரூம், கரண்ட்டு ஷாக், ஊசி, எல்லாம். பல வருஷம் ஆச்சு அது தெளிய. பெரியவரும் வர்றப்பல்லாம் பக்கத்துல உட்கார்ந்து பொறுமையா சொல்வார், 'நம்ம பிள்ளைங்க இல்லம்மா'ன்னு." நர்ஸ் பேசப் பேசத் தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் அம்மாவிடம் சொல்ல ஒரு பதிலைப் பெரியவள் தேடினாள். அப்பா எப்போதோ அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லி முடித்திருக்கிறார். செத்துப்போன மனிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது. சின்னவளுக்கு அந்த ஆத்திரம் கைவரை வந்து போக இடமில்லாமல் நின்றது.

"எங்கே இருக்காங்க? பார்க்கணும்."

"டாக்டர் வந்தப்புறம்..." என்று இழுத்த நர்ஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள்.

துணி அடுக்குகிற அறையில் இருந்தாள் அம்மா. குணமானவர்களுக்கு ஏதாவது வேலை கொடுப்பது அங்கே வழக்கம். லாண்டரியிலிருந்து வந்த பச்சை அங்கிகளை மேசைமேல் போட்டு நீவி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். உருவம் சுருங்கிப்போயிருந்தது. முகம் மட்டும் சின்னவள் தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம், இன்னும் முப்பது வயது கூடியது.

"அம்மா" என்றாள் சின்னவள். "அம்மா, நான்தான். குட்டி. உன் சின்னப் பொண்ணு. இது அக்கா."

அம்மா நிமிர்ந்தாள். கை அங்கிமேல் அப்படியே நின்றது. சின்னவளைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், மறுபடி சின்னவளைப் பார்த்தாள். அந்த முகம் மலர்ந்ததை இருவரும் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவள் "அம்மா" என்று ஓரடி எடுத்து வைத்தாள். உடனே அந்த மலர்ச்சி போயிற்று. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நர்ஸ் நின்ற பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர்."

"சொல்லுங்கம்மா."

"எனக்கு அது திரும்ப வந்துடுச்சு."

"எதும்மா?"

"பொண்ணுங்க. வாசல்கிட்ட நிக்கிறாங்க, ரெண்டு பேரும்." தப்பு செய்தவள்போல் குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தடவை வளர்ந்து வந்திருக்காங்க."

நர்ஸ் கண்ணீரோடு, "நிஜமாத்தாம்மா வந்திருக்காங்க. நானும் பார்க்கறேனே" என்றாள்.

"சோதிக்காதீங்க சிஸ்டர். முன்னாடி ஒரு டாக்டர் இப்படித்தான் கேட்டார். இருக்காங்கன்னு சொன்னேன், திரும்ப அந்த ரூமுக்கு அனுப்பிட்டாங்க. நான் இப்ப தெளிவாத்தான் இருக்கேன். என் பொண்ணுங்க இல்லை. எனக்குத் தெரியும், அவங்க இல்லை. ஒரு மாத்திரை கொடுங்க, போயிடுவாங்க."

சின்னவளால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். "பாரும்மா, தொட்டுப் பாரு, நான்தாம்மா..."

அந்த உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. "தொடுறாங்க சிஸ்டர்" என்றாள் அம்மா, மூடிய கண்ணிலிருந்து நீர் வழிய. "முன்னாடியெல்லாம் தொட்டதில்லை. ரொம்ப முத்திடுச்சு போலிருக்கு. சீக்கிரம் கொடுங்க."

தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது பெரியவள்தான். "விடு. விட்டுட்டு வாடி. அவ பயப்படறா." இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவுக்குப் பக்கத்தில், உள்ளிருப்பவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து இருவரும் சுவரோடு ஒண்டி நின்றார்கள்.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"போயிட்டாங்களா?"

நர்ஸ் தாழ்வாரத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சின்னவள் தலையை ஆட்டினாள்.

"போயிட்டாங்கம்மா."

"அப்பாடா. பார்த்தீங்களா சிஸ்டர், மாத்திரைகூட வேண்டியதா இல்லை. நானே கண்ணை மூடிக்கிட்டேன், போயிட்டாங்க." அந்தக் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. துணியை நீவுகிற சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. வெளியே சுவரோரம், சின்னவள் அக்காவின் வாயைத் தன் இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.